கடைசி லீற்றர் யாருக்கு

எண்ணெய் ஒருநாள் இல்லாமல் போகும் என்று யாராவது பேசத் தொடங்கினால், கேட்பவர் மனதில் எழும் காட்சி அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. பாலைவனத்தில் எங்கோ கிணறுகள் வற்றுகின்றன. உலகம் முழுவதும் வாகனங்கள் ஒன்றாக நின்றுபோகின்றன. அந்தக் காட்சியில் எல்லோரும் சமம். டோக்கியோவில் ஒரு காரும் நெடுந்தீவில் ஒரு படகும் ஒரே நாளில் ஓய்ந்துவிடுகின்றன. இந்தச் சமத்துவம்தான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர்களுக்கு எண்ணெய் இரண்டு தடவை இல்லாமல் போயிருக்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலம் ஒன்று. 2022இல் நாடு முழுவதும் வரிசையில் நின்ற மாதங்கள் மற்றது. இரண்டு தடவையும் பூமிக்கடியில் எண்ணெய் இருந்தது, உலகச் சந்தையில் இருந்தது, கப்பல்களில் இருந்தது. எங்களிடம் இல்லை. ஆகவே எண்ணெய் எப்போது தீரும் என்று யாராவது கேட்டால், யாருக்கு முதலில் தீரும் என்ற கேள்விதான் எனக்குள் எழுகிறது. பெற்றோல் செட்டுகளில் வரிசை கலைந்து, எல்லோரும் பழையபடி தாங்கியை நிரப்பிக்கொண்டு போகிற இந்த நாள்களில் அதைப் பேசுவது அபசகுனமாகப் படலாம். ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகு அதைப் பேச யாருக்கும் நிதானம் இருப்பதில்லை. இரண்டு தடவையும் இருக்கவில்லை.

எண்ணெயின் இறக்கத்தை ஒரு வளைகோடாக வரைந்து காட்டிய மனிதர் எம். கிங் ஹப்பர்ட். ஷெல் நிறுவனத்தில் வேலை செய்த புவிச்சரிதவியலாளர். 1956இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோவில் கூடிய பொறியியலாளர்களிடம், அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970ஐ அண்டி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் என்றார். 1970இல் அது உச்சம் தொட்டது, இறங்கியது. பிறகு பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியது. 2018இல் அமெரிக்கா அந்தப் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. ஹப்பர்ட் சொன்னது பலித்தது என்பவர்களும் பொய்த்தது என்பவர்களும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பாரும் பார்ப்பது நிலத்தின் அடியை. நிலத்திலிருந்து ஏறிவரும் பீப்பாய்களை எண்ணும் அந்தக் கோட்டில், பீப்பாய் யாருடைய வாசலில் இறங்குகிறது என்பதற்கு இடமில்லை. உலகம் இன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எரிக்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். அது 9 கோடியாகக் குறைந்தால் ஆளுக்குப் பத்தில் ஒன்று குறையும் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். நடப்பது வேறு. 2022இல் ரஷ்யாவின் எரிவாயு குறைந்தபோது ஐரோப்பா அதிக விலை கொடுத்துத் திரவ எரிவாயுக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பாகிஸ்தான் கேள்விப்பத்திரம் கோரியபோது விற்க ஒருவரும் முன்வரவில்லை. வங்காளதேசம் அந்த விலைக்கு வாங்க முடியாமல் விலகிக்கொண்டது. பெர்லினில் அறையின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தார்கள். டாக்காவில் மின்சாரம் நின்றது. பற்றாக்குறை உலகத்தின் மேல் மழையைப் போல ஒரே சீராகப் பெய்வதில்லை. அது ஓரங்களிலிருந்து தொடங்குகிறது. நாங்கள் ஓரத்தில் இருக்கிறோம்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ரயில் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. யூரியா வெடிபொருளுக்கு உதவும் என்பதால் அதற்கும் தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது மணம். மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் உயிர்பெறும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். வண்டி போன பிறகும் ஒழுங்கையில் வெண்புகை வெகுநேரம் நிற்கும், கண் எரியும், சேலையிலும் சாரத்திலும் அந்த வாடை ஏறிவிடும். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறிய கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் பிடித்து நிறுத்திய திரி, அதன் நுனியில் சுண்டுவிரல் நகமளவு சுடர். போத்தலே சிம்னி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். முற்றத்தில் பத்துப் பேர் குந்தியிருந்து லண்டன் செய்தி கேட்பார்கள். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது மிதிப்பவர் இன்னும் வேகமாக மிதிப்பார். உதயன் பத்திரிகை பாடசாலைக் கொப்பிக் கடதாசியில் அச்சாகி வந்தது. சவர்க்காரம் கிடைக்காத வீடுகளில் பனங்காயின் களியைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தார்கள். ஊர் அமைதியாகிப் போனதில் ஒரு புதிய பயமும் சேர்ந்துகொண்டது: எஞ்சின் ஒலி என்று எது கேட்டாலும் அது வானத்திலிருந்துதான் வருகிறது என்று காது பழகிவிட்டது.

எண்ணெய் என்பது எதைச் செய்துகொண்டிருந்தது என்று அப்போது உடம்பால் தெரிந்துகொண்டோம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியவை. தாத்தாக்கள் காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, இன்னொருவர் பட்டை பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பிறகு மண்ணெண்ணெய் மிசின் வந்தது. துலாக்கள் விறகாயின அல்லது கிணற்றடியில் கிடந்து உக்கின. தடை வந்ததும் மிசின் வாயை மூடிக்கொண்டது. நான் பிற்பாடு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சின்ன எஞ்சினும் பம்பும் வெப்பமாகவும் சத்தமாகவும் தொலைத்துவிடும். அப்படித் தொலைத்த பிறகும் எஞ்சுவதைக் கொண்டு எட்டு மீற்றர் ஆழத்திலிருந்து ஏறக்குறைய முப்பதாயிரம் லீற்றர் தண்ணீரை மேலே கொண்டுவரலாம். இருபது லீற்றர் பிடிக்கும் பட்டையால் அதே தண்ணீரை இறைக்க ஆயிரத்து ஐந்நூறு தடவை துலா ஏறி இறங்க வேண்டும். ஒரு போத்தல் திரவத்தில் இத்தனை நடை, இத்தனை வியர்வை, இத்தனை முழங்கால் வலி அடங்கியிருந்தது. மிசினின் கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டு வரம்பில் குந்தியிருந்து பீடி பற்றிய ஒருவர், தனக்குக் கீழே எத்தனை பேர் கூலியில்லாமல் துலா மிதித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். நினைக்க அவசியமும் இருக்கவில்லை. நவீன வாழ்க்கை என்று நாங்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்த நினைக்காமல் இருக்கும் வசதிதான். எண்ணெய் குறையும்போது முதலில் போவது அதுதான். ஒவ்வொரு வாளியும், ஒவ்வொரு மைலும், கொதிக்கிற ஒவ்வொரு கேத்தலும் யாரோ ஒருவரின் உழைப்பாகக் கண்முன் வந்து நிற்கிறது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வீட்டின் பெண்ணாக இருந்தார்.

இதனால்தான் அந்தக் காலத்தை அழகாக நினைவுகூர்பவர்களோடு என்னால் முழுவதும் சேர முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் பேசும்போது சைக்கிள் பேரணியாகப் பள்ளிக்கூடம் போனதையும், வாகனப் புகையில்லாத நட்சத்திர இரவுகளையும், அயலவர் கூடிக் கதைத்த முற்றங்களையும் சொல்வார்கள். அவையெல்லாம் உண்மை. எனக்கும் அவை பிடித்திருந்தன. ஆனால் அதே சைக்கிளின் பின்கரியரில் பிரசவ வலியோடு ஒரு பெண் இரவில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் உண்மை. குளிரூட்டி இல்லாமல் மருந்து கெட்டதும் உண்மை. எரிபொருள் இல்லாத இடத்தை விறகு நிரப்பியது. விறகின் விலை ஏறியது. வேலியோரத்துப் பூவரசும் வளவுக்குள் நின்ற மாவும் வேம்பும் அடுப்புக்குள் போயின. எண்ணெய் குறைந்தால் இயற்கை மூச்சுவிடும் என்று எழுதுபவர்கள், குளிர்ந்த அடுப்போடு ஒரு சமூகம் எவ்வளவு வேகமாக மரங்களை நோக்கித் திரும்பும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, லட்சக்கணக்கான மக்களுக்கு இருந்த வாகனம் அநேகமாகச் சைக்கிளும் காலும்தான். மழை. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லாத நெரிசல். கிழவர்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியிலேயே சிலர் இறந்தார்கள். ஒரு சில மைலைக் கடக்க ஓர் இரவு முழுதும் எடுத்தது. எண்ணெய் இல்லாத சமூகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், டைனமோ வானொலியைச் சொல்லும் அதே வாயால் அந்தப் பாலத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுபவர் பொய் சொல்லவில்லை; ஆனால் அந்தப் பாதி உண்மையை நம்பி ஒருவரும் எதிர்காலத்துக்கு ஆயத்தப்பட முடியாது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இது என்னை அதிகம் தடுமாற வைப்பது. நாங்கள் அந்த ஐந்து வருடங்களைக் கடந்தது எங்கள் கெட்டித்தனத்தால் மட்டும் அல்ல. குடாநாட்டுக்கு வெளியே ஒரு எண்ணெய் உலகம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் வேலைசெய்த பிள்ளைகள் அனுப்பிய காசு உண்டியல் முறையில் வந்து சேர்ந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியோடு உணவுக் கப்பல் பருத்தித்துறைக்கு வந்தது. கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்த படகுகளின் பின்னால் எஞ்சின் இருந்தது. சைக்கிள் ரியூப்பும் ரயரும் எங்கோ ஓர் ஆலையில் எண்ணெயிலிருந்து பிறந்தவை. அவற்றைத் தைத்தும் ஒட்டியும் நாங்கள் வருடக்கணக்கில் ஓட்டினோம். ஆக நாங்கள் வாழ்ந்தது எண்ணெய் தீர்ந்த வாழ்க்கை என்று சொல்ல முடியாது. எண்ணெய் உலகத்தின் விளிம்பில், அதிலிருந்து கசிவதை ஏந்திக்கொண்டு வாழ்ந்தோம். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் சுருங்கத் தொடங்கினால் கசிவதற்கு வெளியே எதுவும் இருக்காது. அப்படியானால் எங்கள் அனுபவம் எதற்கும் உதவாதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு விஷயத்துக்கு உதவும் என்றே நினைக்கிறேன். பங்கிடுவது பற்றி. அந்த மண்ணெண்ணெய் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்து குடும்ப அட்டைக்குப் பங்கிடப்பட்டது. அட்டையில் எத்தனை பேர் என்று இருந்தது. வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது நீதி தழைத்த காலம் என்று சொல்ல வரவில்லை. கறுப்புச் சந்தை இருந்தது, ஆயுதம் இருந்த இடத்துக்கு எண்ணெய் வேறு வழியால் போனது, முகாமையாளருக்கு வேண்டியவர்களுக்குப் போத்தல் நிரம்பி வழிந்தது. இருந்தாலும் கணக்கு தொடங்கிய இடம் மனிதத் தலை. அதைத் திருடியவனும் ஒரு தலைக்குரியதைத்தான் திருடுகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2022இல் கணக்கு வேறு இடத்தில் தொடங்கியது. அந்த வருடம் டொலர் இல்லாமல் நாடு கவிழ்ந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் மாதமே வந்து இலங்கைக் கடலில் நங்கூரமிட்டு நின்றது. காசு கட்டாததால் இறக்கவில்லை என்று மே மாதத்தில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தக் கப்பல் என் மனதைவிட்டுப் போகவே இல்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்ட நாட்டின் கடலிலேயே அது எண்ணெயோடு நின்றது. ஹப்பர்ட்டின் கோட்டில் அந்தக் கப்பலுக்கு இடமில்லை. கரையில் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் வளர்ந்தன. ஓட்டோக்காரர்கள் இரவில் ஓட்டோவுக்குள் சுருண்டு படுத்தார்கள், நின்ற நிலையிலேயே சிலர் இறந்துபோனார்கள். ஜூன் 27இல் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஜூலை 9இல் ஜனாதிபதி விலக வேண்டும் என்று கொழும்பை நிறைத்த கூட்டத்தில் பெருந்தொகையானோர் வந்தது ரயிலில்; பஸ் ஓட எண்ணெய் இல்லை என்பதால் மக்கள் ரயிலை ஓடவைத்து ஏறி வந்தார்கள். அந்த நாள்களில் சைக்கிளை மறுபடி துடைத்து எடுத்த எங்கள் அயலவர் ஒருவர், “இது எங்களுக்குப் புதுசே தம்பி?” என்று கேட்டார். குரலில் பெருமையும் இருந்தது, களைப்பும் இருந்தது. தெற்கு முதன்முதலாகக் கண்டு திகைத்ததை வடக்கு முன்பே கண்டிருந்தது. அந்த முன்னறிவை நாங்கள் நாட்டுக்குச் சொல்லவும் இல்லை, நாடு கேட்கவும் இல்லை. இரண்டும் ஒரே பற்றாக்குறையின் இரண்டு முகம் என்று பேசுவதற்கு இடையில் அத்தனை சாவு கிடந்தது.

ஜூலை கடைசியில் கியூஆர் முறை வந்தது. வாகனத்தைப் பதிந்து, கைபேசியில் கட்டம் கட்டமான அந்தப் படத்தைப் பெற்று, செட்டில் காட்டினால் அந்த வாரத்துக்குரிய பங்கு கிடைக்கும். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வரிசைகள் சில வாரங்களில் கரைந்தன. மக்கள் ஆறுதலாக மூச்சுவிட்டார்கள், நானும் விட்டேன். அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வரிசையில் செத்துக்கொண்டிருந்தவர்கள் சாவதை அது நிறுத்தியது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் பங்கு இருந்தது, அதனால் வாகனம் இல்லாதவர்களும் பயன்பட்டார்கள். ஆனால் அந்த எண்களை இப்போதும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பங்கு வாகனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதிகம் குடிக்கும் வாகனத்துக்கு அதிகம். கால்நடையாகப் போகிறவளுக்குத் தன் பெயரில் ஒரு துளியும் இல்லை. சோறு குறைந்த வீட்டில், இருக்கிறவர்களை எண்ணாமல் கோப்பையின் அளவைப் பார்த்துப் பரிமாறிய செயல் இது. கோப்பையே இல்லாதவர் பந்திக்குள் வரவில்லை. அந்த ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் சின்னப் படகுக்காரர், இறைப்புக்காரர், குப்பி விளக்கு வீடுகள். குருநகரிலும் நெடுந்தீவிலும் கடலுக்குப் போனால் வருவது எண்ணெய்க் காசுக்குக் காணாது என்று படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு இந்த ஒழுங்கைச் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அவசரத்தில் கையில் இருந்த பட்டியலை எடுத்தார்கள். கையில் இருந்தது வாகனப் பட்டியல். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நெருக்கடியில் ஒரு நாடு எந்தப் பட்டியலை எடுக்கும் என்பது நெருக்கடிக்கு முன்பே, கவனமில்லாத நாள்களில், தீர்மானமாகிவிடுகிறது.

கவனமில்லாத நாள்கள் என்று சொன்னேன். 2009க்குப் பின் வடக்கில் நடந்ததைப் பார்த்தால் அது விளங்கும். ஏ9 வீதி காப்பெற் றோட்டானது. குத்தகைக் கம்பனிகள் வந்தன. கொஞ்சம் முற்பணம் கட்டினால் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வீட்டுக்கு வந்தன. 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. போரின் களைப்பில் இருந்த மக்கள் தூரத்தை வென்றதில் அடைந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லமாட்டேன். அடைபட்டுக் கிடந்தவனுக்குத்தான் றோட்டின் அருமை தெரியும். ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஊரின் வடிவம் மாறியது. முன்பு சைக்கிள் தூரத்துக்குள் அடங்கியிருந்த பள்ளிக்கூடம், தனியார் வகுப்பு, சந்தை, வைத்தியர், வேலை எல்லாம் மோட்டார் சைக்கிள் தூரத்துக்குத் தள்ளிப் போயின. சின்னப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்தார்கள், நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்கள் வழிந்தன. துலா மரம் இப்போது அநேக வளவுகளில் இல்லை. கிணற்றுக் கப்பியும்கூடக் கழற்றப்பட்டு, கிணற்று வாய்க்கு மூடி போட்டு மின்மோட்டர் பூட்டியாயிற்று. மரக்கறி தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிறது. 1990இல் தடை வந்தபோது, அதைத் தாங்கிக்கொள்ளக்கூடிய ஊர் இன்னும் மிச்சமிருந்தது. மிசினுக்கு முந்திய வாழ்க்கை ஒரு தலைமுறைத் தூரத்தில்தான் நின்றது, கூப்பிட்டால் வந்தது. இன்று கூப்பிட்டால் வருவதற்கு யார் இருக்கிறார்கள்? துலா மிதிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயது. ஒரு சமூகம் எண்ணெயை எரிப்பதோடு எண்ணெய் இல்லாமல் வாழும் அறிவையும் சேர்த்தே எரித்துவிடுகிறது. முன்னதை எப்போதாவது காசு கொடுத்து வாங்கலாம், பின்னதை விற்க ஆளில்லை.

மின்சார வாகனமும் சூரியக் கலமும் வருகின்றனவே, இந்தக் கவலை இன்னும் எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனைக்கோட்டையிலோ சுன்னாகத்திலோ கூரையில் விழும் வெயிலுக்கு நங்கூரமிட்டு நிற்க வேண்டியதில்லை, டொலர் கேட்காது. இறைப்புக்குச் சூரிய மோட்டர் வந்தால் அந்த ஆயிரத்து ஐந்நூறு துலா ஏற்றத்தை வெயில் செய்துவிடும். அதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் எண்ணெய் வாகனத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. காப்பெற் றோட்டின் தாரில் இருக்கிறது, படகின் வலையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியின் ஊசிக் குழாயில் இருக்கிறது. யூரியா இயற்கை வாயுவிலிருந்து பிறக்கிறது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து, அந்த வருடமே கைவிட நேர்ந்தபோது, வயலில் விளைந்த நெல்லுக்குள்ளும் அந்த வாயு இருப்பதை நாடு கண்டுகொண்டது. மாற்றம் நல்லதாகவே இருந்தாலும், ஆயத்தமில்லாத அவசரத்தின் பாரத்தை விவசாயிதான் சுமந்தார். சூரியக் கலத்தை வாங்கவும் முதலில் காசு வேண்டும். அதைக் கூரையில் பூட்டியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கார் வைத்திருந்த வீட்டார்தான். கோப்பையின் அளவைப் பார்த்துப் பரிமாறும் பழக்கம் மாறாவிட்டால், எண்ணெய் போய் வெயில் வந்தாலும் பந்தி மாறாது.

ஆகவே நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது பங்கிடுவது என்ற இடத்தில்தான். இன்று உலகம் எரிக்கும் 10 கோடி பீப்பாயைப் பூமியில் உள்ள 800 கோடிப் பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லீற்றர் வரும். கைக்குழந்தைக்கும் இரண்டு, கிழவிக்கும் இரண்டு. இப்படிப் பிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். காலநிலையைப் பார்த்தால் இந்த அளவை எரிக்கவே கூடாது என்றும் தெரியும். ஆனாலும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நிறைந்த தாங்கியைப் பார்க்கும்போது அது எத்தனை பேருடைய எத்தனை நாள் என்று கேட்க அது பழக்கும். எண்ணெய் குறையும் காலம் வந்தால் உலகத்தின் பெரிய கணக்கில் எங்களுக்குச் சொல் இல்லை. எங்கள் ஊரின் சிறிய கணக்கில் இருக்கிறது. பிரதேச சபையும், கூட்டுறவுச் சங்கமும், மீனவர் சங்கமும், விவசாயிகள் அமைப்பும் ஓரிடத்தில் உட்கார்ந்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று வந்தால் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று ஒரு பட்டியலை எழுதிவைக்கலாம். அதைத் தலைகளிலிருந்து தொடங்கலாம். என்னுடைய பட்டியலில் நோயாளர் வண்டி முதல். தீவுகளுக்குப் போகும் படகு இரண்டாவது. பிறகு பஸ், பிறகு கடலுக்குப் போகிறவர்களின் எண்ணெய், பிறகு இறைப்பு. என் மோட்டார் சைக்கிள் வெகு கீழே வருகிறது, அதைக் கீழேதான் வைக்க வேண்டும். இந்த ஒழுங்கை மறுப்பவர்கள் இருப்பார்கள். பஸ்ஸுக்கு முன்னால் இறைப்பு வரவேண்டும் என்று சொல்லும் விவசாயியிடம் என்னிலும் வலுவான நியாயம் இருக்கக்கூடும். ஓட்டோவை நம்பி ஐந்து வயிறு இருக்கிறது என்பவர் சொல்வதையும் தட்ட முடியாது. அவர்களோடு பேசித் தோற்பதற்கும் நான் ஆயத்தம். வரிசையில் நின்றபடி இந்த வாக்குவாதத்தை நடத்த முடியாது. அங்கே முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். செட்டுகளில் எண்ணெய் இருக்கிற இந்த நாள்களில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அதை நடத்தலாம்.